ஐந்து நிமிட சார்ட்டும் எங்கள் ஊரும்: திருகோணமலையில் பங்குச் சந்தை வகுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களில் ஒருவருடைய வகுப்பில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தவன் நான். வாடகைக்கு எடுத்த மாடி அறை, சாத்திய யன்னல், சுவரில் திரை. திரையில் ஐந்து நிமிட சார்ட், அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விலையைக் காட்டும் வரைபடம். முந்தைய விலைகளின் சராசரியைக் காட்டும் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் வாங்கு, திரும்ப வெட்டினால் வில் என்றார் ஆசிரியர். பார்க்க வலு வடிவாக இருந்தது. எந்தப் பங்கு என்று கேட்டேன். பங்கு இல்லை, இந்தியாவின் நிஃப்டி சுட்டெண் என்றார். கொழும்புப் பங்கு ஒன்றில் காட்டுங்களேன் என்று பின்வரிசை அக்கா ஒருவர் கேட்டார். காட்டினார். கோட்டைக் காணவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள்தான். பத்தே முக்காலுக்கு ஒரு வியாபாரம், அடுத்தது பன்னிரண்டு தாண்டி. "இது ஓட்டம் குறைஞ்ச பங்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி நிஃப்டிக்கே போனார்.

நான் அப்போதே எழும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். கொழும்புப் பங்குச் சந்தை திறந்திருப்பது காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை. எனக்குப் பள்ளிக்கூடம் விடுவது 1.30க்கு. ஆகவே ஸ்டாஃப் ரூம் அலுமாரிக்குப் பின்னால் நின்று வாங்கினேன், பாடவேளை மணி அடிக்கும்போது விற்றேன். நான்கு மாதத்தில் 41 வியாபாரம். எல்லாவற்றையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். 'ஏன் வாங்கினேன்' என்ற நிரலில் 'கோடு வெட்டியது' என்று ஆறே இடங்களில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் 'ஏறுது', 'தம்பி சொன்னான்'. ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை. இதற்குத்தான் விதிமுறைப்படி ட்ரேடிங் என்று பெயர் வைத்திருந்தேன்.

நீங்கள் ஒரு நாளும் பலகையில் எழுதாத கணக்கை எழுதுகிறேன். தரகுக் கூலி, சந்தைக் கட்டணம், அரசின் தீர்வை எல்லாம் சேர்த்து சாதாரண வியாபாரத்துக்கு 1.12 வீதம். வாங்கும்போதும் கட்ட வேண்டும், விற்கும்போதும் கட்ட வேண்டும். ஆக 2.24. ஒரு லட்சத்தை மாதம் பன்னிரண்டு தடவை உள்ளே வெளியே ஓட்டினால் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 27,000 ரூபா. நட்டம் 3 வீதத்தில் வெளியேறு, இலாபம் 6 வீதத்தில் எடு என்ற உங்கள் விதியை இதற்குள் வைத்துப் பாருங்கள். கட்டணமே இல்லாவிட்டால் மூன்றில் ஒரு தடவை வென்றால் கையைக் கடிக்காது. கட்டணத்தைச் சேர்த்தால் இலாபம் 3.76 ஆகச் சுருங்கும், நட்டம் 5.24 ஆக வீங்கும். நூற்றுக்கு 58 தடவை வென்றால்தான் போட்ட காசு மிஞ்சும். அதே ஒன்றுக்கு இரண்டு விகிதத்தை அகலமாக்கி நட்டம் 10, இலாபம் 20 என்று வையுங்கள். நூற்றுக்கு 41 போதும். 10 வீதம், 20 வீதம் அசைவு ஐந்து நிமிடத்தில் வராது. வாரக்கணக்கில்தான் வரும்.

திருக்கடலூரில் எங்கள் பெரியப்பாவுக்கு இதை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லவில்லை. சின்ன மீனான சூடைக்கு விடுகிற வலையை அவர் பெரிய மீனான அறக்குளாவுக்கு விட்டதில்லை. சூடை பிடிக்க ஆழத்துக்குப் போனால் மண்ணெண்ணெய்க் காசும் மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியும். எந்த மீன், எவ்வளவு தூரம், எவ்வளவு எண்ணெய் என்று முடிவெடுத்த பிறகுதான் வலையைத் தோளில் போடுவார். நீங்கள் வலையை முதல் தந்துவிட்டு மீனைப் பிறகு தேடச் சொல்கிறீர்கள்.

வாங்கி விற்கிற ஒரு முறையை வடிவமைக்கும்போது, நிமிடமா, நாளா, வாரமா என்ற கால அளவைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆசிரியர், வங்கி ஊழியர், கடைக்காரர் என்று உங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் யாருக்கு 9.30 முதல் 2.30 வரை கை ஓய்வு? வெள்ளி பின்னேரம் வாரமுடிவு விலையைப் பார்த்து, திங்கட்கிழமைக்கான கட்டளையைத் தயார் பண்ணுகிற விதிதான் எங்களுக்குத் தோது. உதாரணமாக, 20 வாரத்தில் கண்ட உச்சத்துக்கு மேல் முடிந்தால் வாங்கு, 10 வாரத்தின் அடிவிலைக்குக் கீழ் முடிந்தால் வில். எவ்வளவுக்கு என்பதும் விதிக்குள் இருக்க வேண்டும். இரண்டு லட்சம் உள்ளவர் ஒரு வியாபாரத்தில் ஒரு வீதம்தான் இழப்பார் என்றால் அது 2,000 ரூபா. வெளியேறும் விலை 10 வீதம் கீழே இருந்தால் 20,000 ரூபாவுக்குத்தான் வாங்கலாம். இதைச் சொன்னால் வகுப்பில் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள், தெரியும்.

1983இல் சிகாகோவில் வியாபாரி ரிச்சர்ட் டெனிஸ் விதிமுறைப்படி வியாபாரம் செய்யப் பயிற்றுவித்த 'ஆமைகள்' (Turtles) என்ற மாணவர் குழு பற்றி நீங்கள் முதல் நாளே சொல்கிறீர்கள். அவர்கள் பார்த்தது 20 நாள், 55 நாள் உச்சங்களை. அந்த இடத்தை மட்டும் ஏன் விழுங்கிவிடுகிறீர்கள்?

வெளியேறும் விலையை எழுதி வைத்தாலே பாதுகாப்பு என்று சொல்வதையும் நிறுத்துங்கள். 2020 மார்ச் 20இலிருந்து மே 11 வரை கொழும்புச் சந்தை பூட்டியே கிடந்தது. திறந்த அன்றே விழுந்து வியாபாரத்தை நிறுத்தினார்கள். 2022 ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் மறுபடி பூட்டு, 25ஆம் திகதி திறந்ததும் மறுபடி சரிவு. கதவு பூட்டியிருக்கும்போது எந்த விலையில் வெளியேறுவது? அந்த நாட்களில் ஆளைக் காப்பாற்றக்கூடியது குறைவாக வாங்கியிருப்பது ஒன்றுதான்.

பழைய விலைகளில் சோதித்த முடிவு என்று நீங்கள் காட்டியது 2021ஆம் ஆண்டை மட்டும். அந்த வருடம் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறக்குறைய 80 வீதம் ஏறியது. நாணயத்தைச் சுண்டி வாங்கியவனும் அன்று வென்றிருப்பான். 2022இல் அதே விதி என்ன செய்தது என்று காட்டுங்கள். இன்னொன்று, 17 நாள் சராசரி நல்லாய் வருகிறது என்று கண்டபின் 17ஐ விதியாக்குவது விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்வது. நான் பிள்ளைகளுக்கு அதற்குப் புள்ளி கொடுப்பதில்லை. சில வருட விலைகளை ஒளித்து வைத்து, விதியை எழுதி முடித்த பிறகு திறந்து பாருங்கள்.

உங்கள் வகுப்புகளை மூடச் சொல்லவில்லை. முதல் ஞாயிறு சார்ட் வேண்டாம், கட்டணக் கணக்கும் கொப்பியும் போதும் என்றுதான் கேட்கிறேன். உதாரணத்துக்கு ஆள் தேவையென்றால் என்னுடைய 41 வியாபாரங்களையும் போட்டோ கொப்பி எடுத்துத் தருகிறேன். பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். ஸ்டாஃப் ரூமில் இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்
திருகோணமலை