புளியரையில் தேடுவதை வார்டிலேயே தேடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேரள எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச் சாவடியில், அங்கிருந்து வரும் லாரிகளில் மருத்துவக் கழிவு இருக்கிறதா என்று இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று வாசகர்கள் தங்கள் இதழில் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். நியாயமான கோபம்தான். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரம் மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டதும், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ஆனால் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கும்போது கண்ணில் படுவது கடைசிக் கட்டம். ரத்தம் தோய்ந்த பஞ்சும், சாப்பாட்டுப் பொட்டலமும், சலைன் குழாயும் ஒன்றாகக் கலந்தது ஏதோ ஒரு வார்டில், ஒரு கட்டிலின் கால்மாட்டில். அங்கே கலந்த பிறகு எந்தச் சாவடியாலும் பிரிக்க முடியாது. இந்த விஷயத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் மோசம், இந்தப் பக்கம் உத்தமம் என்று சொல்வதற்கும் இல்லை.

2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் நான்கு நிறங்களைச் சொல்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் உறுப்புக் கழிவு மஞ்சளில். சலைன் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை, சிறுநீர்ப் பை போன்ற பிளாஸ்டிக் சிவப்பில். ஊசி, பிளேடு ஆகியவை குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடக்கக் கூடாது. பையில் பார்கோடு ஒட்டியிருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து இதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். தப்பு நடப்பது வேறு இடத்தில். நான்கு தொட்டிகளும் வார்டின் ஒரு கோடியில் இருக்கும், டிரஸ்ஸிங் மறுகோடியில் நடக்கும். டிராலியிலேயே சிறு மஞ்சள், சிவப்புப் பைகள் இல்லையென்றால் எல்லாம் ஒரே கிட்னி டிரேயில் (டிரஸ்ஸிங்கின்போது கழிவைப் போடும் வளைந்த தட்டு) குவிந்து, கைக்கு எட்டிய தொட்டியில் கவிழும். மாதக் கடைசியில் சிவப்புப் பை தீர்ந்துபோனால் கறுப்புப் பையில் போடுவார்கள். அது நகராட்சி வண்டிக்கோ பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவருக்கோ போய்விடும். சிவப்புப் பையில் இருப்பதற்குக் காயலான் கடையில் விலை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. முறைப்படி அதைக் கிருமிநீக்கி, துண்டு துண்டாக நறுக்கிய பிறகுதான் மறுசுழற்சிக்கு விடலாம். அந்த இரண்டு படிகளையும் தாண்டிக் குதிக்கிறவர்களுக்காகத்தான் லாரிகள் ஓடுகின்றன.

நிருபர்களுக்கு ஒரு யோசனை. சாவடியில் நிற்பதைவிட மருத்துவமனையின் கழிவு எடைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். நிறவாரியாகத் தினமும் எத்தனை கிலோ போயிற்று என்று அதில் எழுத வேண்டும். கட்டில்கள் நிரம்பியிருக்கும் மாதத்தில் சிவப்பின் எடை திடீரென்று பாதியானால், மீதிப் பாதி எங்கே என்று கேட்கலாம். முப்பது நாளும் ஒரே எடை எழுதியிருந்தால் தராசே இல்லை என்று அர்த்தம்.

இனி, வாசகர் கடிதங்களில் யாரும் தொடாத விஷயத்துக்கு வருகிறோம். கழிவு ஊருக்கு வெளியே போகிறது. கிருமி உள்ளேயே தங்குகிறது. 2018-இல் கோழிக்கோட்டில் நிப்பா வைரஸ் வந்தபோது நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது தொற்றியது மருத்துவமனைகளுக்குள்தான். அதற்கப்புறமும் நம் ஊர்களில் சுத்தத்துக்குச் சான்று மூக்கில் ஏறும் பினாயில் வாசனைதான். வாசனை எதையும் நிரூபிக்காது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பினாயில் வகையே கூடாது. அந்த வகையில் உள்ள ஃபீனால் குழந்தையின் உடலில் ஏறினால் மஞ்சள்காமாலை கூடும்.

பிளீச்சிங் பவுடர் கதை இன்னும் மோசம். ரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு சதவீதக் குளோரின் கரைசல் வேண்டும். நல்ல பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும். ஆகவே 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 330 கிராம். திரவ ஹைப்போகுளோரைட் என்றால் முதலில் கேன் மேல் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். ஐந்து என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். பத்து என்றால் ஒன்பது பங்கு. ஒப்பந்தக்காரர் இந்த மாதம் ஐந்து, அடுத்த மாதம் பத்து என்று கிடைத்ததை அனுப்புவார். ஊழியர் பழக்கத்தில் ஒரே மூடிக் கணக்கில் ஊற்றுவார். ஒரு மாதம் கிருமி சாகாது, மறுமாதம் கட்டில் கம்பி துருப்பிடிக்கும். பவுடர் மூட்டையைப் பிரித்துக் குளியலறை மூலையில் வைத்தால், ஈரமும் வெக்கையும் சேர்ந்து குளோரின் பறந்துவிடும். அப்புறம் அதே 330 கிராம் போட்டாலும் பாதி வேலைதான் செய்யும். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில், அன்றன்று காலையில் கலக்கி, தெளிய வைத்து, மேல்தெளிவை எடுக்க வேண்டும். நேற்றையதை இன்று உபயோகிக்கக் கூடாது. ஒரு சின்னத் தராசும் அளவுக் குவளையும் வாங்கிக் கொடுக்க எந்த டெண்டரும் தேவையில்லை. ஆனாலும் இவை இரண்டும் இருக்கும் வார்டு அபூர்வம்.

ரத்தம் சிந்தினால் உடனே மாப்பை எடுப்பதும் தவறு. தடித்த கையுறை போட்டு, உடைந்த கண்ணாடி இருந்தால் இடுக்கியால் பொறுக்கி, பஞ்சோ பழைய செய்தித்தாளோ போட்டு மூடி, அதன்மேல் கரைசலை ஊற்றிக் குறைந்தது 10 நிமிடம் விட வேண்டும். பிறகு அள்ளி மஞ்சள் பையில் போட்டு, சோப்புத் தண்ணீரால் துடைக்கலாம். சிறுநீர் கொட்டியிருந்தால் மட்டும் முதலில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதன்மேல் நேரடியாகக் குளோரின் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். கழிவறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி, இருமிக்கொண்டே வெளியே ஓடிவரும் ஊழியர்களைப் பல இடங்களில் பார்க்கலாம். அதுவும் இதே ரசாயனம்தான்.

தரை துடைப்பதற்கு வருவோம். வார்டில் விளக்குமாறு கூடாது. தூசி கிளம்பிக் காயத்திலும் டிரேயிலும் இறங்கும். ஈர மாப்தான். வாளி மூன்று: சோப்புத் தண்ணீர், அலசுவதற்கு வெறும் தண்ணீர், கிருமிநாசினி. சாதாரண வார்டுத் தரைக்குச் சோப்பே பெரும்பாலும் போதும். பிரசவ அறை, ஐசியு, அறுவை அரங்குக்கு மூன்றாவது வாளி கட்டாயம். உள்மூலையிலிருந்து வாசல் நோக்கி, எட்டு எழுதுவதுபோல் இழுத்துப் பின்னால் நகர வேண்டும். சுமார் 240 சதுர அடி முடிந்ததும் தண்ணீரை மாற்ற வேண்டும். நடைமுறையில் ஒரே வாளி, ஒரே மாப், முழு மாடி. கடைசி வார்டைத் துடைக்கும்போது முதல் வார்டின் அழுக்கைத்தான் பூசிக்கொண்டு போகிறார்கள். வேலை முடிந்த மாப்பை வாளிக்குள்ளேயே ஊறவிட்டால் மறுநாள் காலைக்குள் அதில் கிருமி பெருகியிருக்கும். வெந்நீரில் துவைத்து, வெயிலில் தலைகீழாக நிறுத்திக் காயவைக்க வேண்டும். சாரல் காலத்தில் குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் மாப் காயவே காயாது என்பதால், ஒவ்வொரு வார்டுக்கும் கூடுதலாக இரண்டு செட் வைத்துச் சுழற்றினால்தான் தப்பிக்கலாம். கழிவறை மாப் வார்டுக்குள் வரக் கூடாது என்று தனியே சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

தரைக்கு இத்தனை கவனம் கொடுத்தும், நோயாளியின் கை தரையில் படுவதில்லை. கட்டிலின் பக்கக் கம்பி, லாக்கர் மேல்பக்கம், சலைன் ஸ்டாண்டு, சுவிட்சு, கதவுப் பிடி, குழாய்த் திருகு ஆகியவற்றில்தான் எல்லோருடைய கையும் படுகிறது. அசினட்டோபாக்டர், எம்ஆர்எஸ்ஏ போன்ற, பல ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் இப்படிப்பட்ட காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தினம் இரண்டு வேளையாவது இவற்றைத் துடைக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போனதும் மெத்தை உறையின் இரு பக்கத்தையும் சேர்த்துத் துடைக்க வேண்டும். ஆனால் இது யார் வேலை? தரை ஒப்பந்த ஊழியருக்கு, கருவிகள் நர்ஸுக்கு என்று பிரித்திருப்பார்கள். கட்டில் கம்பி இரண்டுக்கும் நடுவில் அநாதையாக நிற்கும். ஒப்பந்தப் பத்திரத்தில் பொருள்வாரியாகப் பெயர் போட்டு எழுதாதவரை இது மாறாது.

கை கழுவுவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சோப்பு என்றால் 40 முதல் 60 வினாடி, ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி. நாங்கள் பார்ப்பது பாட்டில் எங்கே இருக்கிறது என்பதைத்தான். கட்டில் பக்கத்தில் இருந்தால் கை போகும், வாஷ்பேசின் பக்கம் இருந்தால் போகாது. இன்னொன்று, பல வார்டுகளில் கை துடைக்க ஒரே துண்டு தொங்கும். ஒழுங்காகக் கழுவிய கையையும் அது கெடுத்துவிடும். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கும் பைஸ்டாண்டர்களுக்கும் (நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள்) இதெல்லாம் பொருந்தும். வார்டில் பாதி வேலை அவர்கள் கையால்தான் நடக்கிறது.

கருவிகளையும் துணிகளையும் நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் பற்றிச் சுருக்கமாக. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், துணி சுற்றிய கட்டு என்றால் 30 நிமிடம். மேலே ஒட்டிய நாடா நிறம் மாறியதைக் காட்டி ‘ஸ்டெரைல்’ என்பார்கள். அந்தப் பெட்டி சூடு பட்டது என்பதைத் தவிர நாடா வேறெதையும் சொல்லாது. துணிகளை வைக்கும் டிரம்மை அமுக்கி அமுக்கி அடைத்தால் நீராவி நடுவே போகாது. வாரம் ஒரு முறையாவது வித்துச் சோதனை (சூடு தாங்கும் பாக்டீரியா வித்துகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பது) செய்ய வேண்டும். அறுவை அரங்கில் வாரந்தோறும் ஃபார்மலின் புகை போடுவதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கத்தையும் விட்டொழிக்கலாம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது, ஒழுங்காகத் துடைத்த அரங்குக்கு அந்தப் புகையால் கூடுதல் பலனும் இல்லை.

இதையெல்லாம் செய்கிறவர்கள் யார்? எல்லையோரத்தில், கேரளப் பக்கத்து மருத்துவமனைகளிலும் தமிழ் பேசும் தூய்மைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அங்கே அறிவிப்புப் பலகை மலையாளத்தில், கேன் லேபிள் ஆங்கிலத்தில். நம் பக்கத்திலும் லேபிள் ஆங்கிலம்தான். கலக்கும் அளவைத் தமிழில், பெரிய எழுத்தில், வாளியின் உட்புறமே கோடு போட்டுக் காட்டினால் அரைநாள் பயிற்சி வகுப்பைவிட அதிகம் பயன்படும். இரவு ஷிப்டில் இரண்டு மாடிக்கு ஒரு ஆளை விட்டுவிட்டு, சுத்தத்துக்குக் காயகல்ப் விருது கேட்பதும் நியாயமில்லை.

கழிவில் கிடக்கும் ஊசி இந்தப் பணியாளர்களையும் குத்துகிறது. ஊசியை மறுபடி மூடியால் மூடாதீர்கள் என்று டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதும், பணியில் சேர்ந்த அன்றே பணியாளருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தொடங்கி (இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து) மூன்று தவணையும் முடிப்பதும் நிர்வாகத்தின் கடமை. குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, பிளீச்சிங் ஊற்றக் கூடாது. எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செய்தி சேகரிக்கப் போகும் தங்கள் நிருபர், அந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு அதன் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புப் பணியில் உள்ள செவிலியர்கள்,
செங்கோட்டை வட்டாரம், தென்காசி மாவட்டம்.