சாலையை உயர்த்தாதீர்கள், சுரண்டிப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு 2016-ல் தேர்வான வேலூரில் புதிய சாலைகள் பளபளக்கின்றன. மழை வந்தாலோ தண்ணீர் வீட்டுக்குள் நுழைகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் 3, 4 செ.மீ. ஏற்றினால், நாலைந்து தடவையில் வாசற்படியில் ஒரு படியே மறைந்துவிடும். சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-லேயே உத்தரவிட்டார். வேலைக்கு முன்னும் பின்னும் சாலை மட்டத்தை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதாமல் ஒப்பந்ததாரருக்குப் பணம் தரக் கூடாது.

பேவர் பிளாக் தெருக்களிலும் கவனம் தேவை. கல்லுக்கு அடியில் காங்கிரீட் போட்டுவிட்டால் ஒரு சொட்டுகூட மண்ணில் இறங்காது. ஜல்லிப் படுகை, அதன்மேல் 3 முதல் 5 செ.மீ. மணல், ஓரத்தில் அசையாத கெர்ப் கல்: இதுதான் முறை. ஓரக்கல் இல்லையென்றால் மணல் அரித்துப்போய், ஆட்டோ ஏறும் இடத்தில் கற்கள் ஆடத் தொடங்கும்.

வடிகாலில் தண்ணீர் விழும் வாய்க்குக் கீழே, வடிகாலின் தளத்தைவிட ஒரு அடி ஆழமாக, மண்ணும் சேறும் தங்கும் வண்டல் தொட்டி கட்டாயம் வேண்டும். இங்கே ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மாலையில் இடியோடு மழை கொட்டும். அக்டோபரில் தூர்வாரிப் பயனில்லை. ஜூலைக்குள் முடியுங்கள். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவிக்காமல் அன்றே அப்புறப்படுத்துங்கள்.

நூறு சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். பாலாறு பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஊரில் அதைச் சாக்கடையில் விடுவது கொடுமை. மாநகராட்சிக் கட்டடங்களில் மழைநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழிகளை முதலில் திறந்து பாருங்கள், மேல்மணலை மாற்றுங்கள்.

– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்