எரித்த பாதி போதும்: எங்கள் பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயாவுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். குளக்கட்டுக்கும் பாடசாலைக்கும் நடுவில் உள்ள காட்டுத்துண்டில், பாம்புக்குப் பயந்து பாதியை வழித்து எரித்த போன சனிக்கிழமைச் சிரமதானம் பற்றி எழுதுகிறேன். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களே வந்து நின்று மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்துக்கு வழிகாட்டினீர்கள். மிச்சப் பாதியை மாரி தொடங்குமுன் முடித்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மிச்சப் பாதியை எரிக்காமல் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அன்று மாலை சபையின் முகநூல் பக்கத்தில் ஏறிய படத்தைப் பார்த்தேன். மதகுக்கட்டில் பதினொரு பாம்புகளை அடித்து வரிசையாகக் கிடத்தியிருந்தது. ‘விஷ ஜந்துகளிடமிருந்து மாணவர்களுக்குப் பாதுகாப்பு’ என்று தலைப்பு. கீழே பாராட்டுகள். ஐயா, நான் சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். படத்தைப் பெருப்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டை அடையாளம் காண முடியாத அளவுக்குச் சிதைத்திருக்கிறார்கள். மற்ற ஒன்பதில் நாகம் இல்லை, புடையன் இல்லை, எட்டடி விரியன் இல்லை, சுருட்டை விரியன் இல்லை. கொம்பேறி மூக்கன் இரண்டு. முதுகில் இரண்டு மஞ்சட்கோடு ஓடும் சிறிய பாம்புகள் நான்கு. இவை தவளை பிடித்துத் தின்பவை, கோடையில் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடப்பவை, பெக்கோதான் கிளறி வெளியே எடுத்திருக்கும். உடம்பில் வரி போட்டவை இரண்டு. கடைசியில் கிடந்தது மண்புழு அளவுள்ள புழுப்பாம்பு. அதன் வாய்க்கு எறும்பின் முட்டையும் கறையான் குஞ்சும்தான் அடங்கும். அந்த இனத்தில் ஆணே இல்லை. பெண் தனியாகவே முட்டையிட்டுப் பெருகும். பூச்சாடி மண்ணோடு பயணம் செய்தே பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்த பாம்பு அது. அதனிடமிருந்துதான் எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடலைப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பது என் அம்மம்மா சொன்ன கதை. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். கதை நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஆளைக் கொல்லும் நஞ்சு கிடையாது. ஓணானும் தவளையும் பிடிக்கத்தான் கொப்பில் ஏறுகிறது.

இதற்கெல்லாம் தொடக்கம் ஊரில் ஒரு பையனைப் பாம்பு கடித்தது என்பது தெரியும். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபையில் அதைப் பேசியவர்கள் யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. இரவு நித்திரையில் கையில் ஏதோ சுருக்கென்றதும் பையன் கத்தியிருக்கிறான். அயலவர்கள் ஓடிவந்து பாம்பை அடித்து, அது போதாதென்று மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். தாய் தன் சேலையைக் கிழித்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டிவிட்டாள். முச்சக்கரவண்டி தேடி, கிரவல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்போது கை வீங்கி நீலம் பாரித்திருந்தது. அந்த வீக்கம் கட்டினால் வந்தது, கடியால் அல்ல என்று பிறகு சொன்னார்கள். சொப்பின் பையில் கொண்டுபோன பாம்பு கரிக்கட்டை. தலை இல்லை, முதுகுச் செதில் இல்லை. மருத்துவர் எதைப் பார்த்து முடிவெடுப்பது? நஞ்சு முறிப்பு மருந்தைச் சும்மா ஏற்ற முடியாது. குதிரையின் இரத்தத்திலிருந்து தயாராகும் அந்த மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். எனவே பையனை ஒரு முழுநாள் வைத்துப் பார்த்தார்கள். தாய் இமை சொருகுகிறதா, இமை சொருகுகிறதா என்று அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு கட்டிலடியில் இருந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள். அன்றைய கூலி போனது, வண்டிக்குக் கொடுத்தது கடன்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எரியாமல் மிஞ்சிய வாலை நானும் பார்த்தேன். அதில் வெள்ளை வளையக் கட்டு இல்லை. எட்டடி விரியனுக்கு வெள்ளைக் கட்டுகள் வாற்பக்கம்தான் தெளிவாக இருக்கும், தலைப்பக்கம் மங்கிவிடும். நடு முதுகில் பெரிய அறுகோணச் செதில்கள் ஒரே வரிசையாக ஓடும். வீட்டுச் சுவரில் பல்லி தேடி வரும் ஓநாய்ப் பாம்புக்கு எல்லாம் மறுபக்கம்: கட்டுகள் கழுத்துப் பக்கம் தெளிவு, வாலை நோக்கி மறைந்துவிடும், முதுகுச் செதில் சாதாரணம். முன்னால் நீண்ட பற்கள் உண்டு, நஞ்சு இல்லை. அன்று வந்தது அதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் ஊரில் விடிவதற்குள் அது எட்டடி விரியன் ஆகிவிட்டது. அடுத்த சபை அமர்வில் காட்டை எரிக்கும் தீர்மானம் ஆகிவிட்டது.

இந்தத் தோற்ற ஒற்றுமையில் ஒரு கொடுமை இருக்கிறது. நஞ்சில்லாத பாம்பு எட்டடி விரியனைப் போலத் தெரிந்தால் பறவையும் கீரியும் தயங்கும். அப்படித் தப்பியவை முட்டையிட்டுப் பெருகின. தலைமுறை தலைமுறையாக வேஷம் இன்னும் இன்னும் பொருந்தி வந்தது. கூர்ப்பு என்று பாடப்புத்தகத்தில் நான் படிப்பிப்பது இதைத்தான். எத்தனையோ இலட்சம் ஆண்டு அதைக் காப்பாற்றிய அதே வேஷம்தான் இப்போது மண்வெட்டிக்கு முன்னால் அதைக் காட்டிக்கொடுக்கிறது. படத்தில் வரி போட்டுக் கிடந்த இரண்டும் அப்படிச் செத்தவைதான். அதில் ஒன்றுக்குப் பின்வாயில் வளைந்த கத்தி போன்ற பல் உண்டு. பல்லி, ஓணான் முட்டைகளைக் கீறித் தின்பதற்கு.

அந்தக் காட்டுத்துண்டு பெரிய காடு இல்லை, தெரியும். பாலை, வீரை, முதிரை கொஞ்சம், கீழே சூரைப் பற்றை, அதன் கீழே முழங்கால் மறையச் சருகு. உங்களுக்குக் குப்பையாகத் தெரிந்தது அந்தச் சருகுதான். கோடையில் குளம் வற்றும்போது ஈரம் தங்குவது அதற்கடியில். அரணையும் தவளையும் பூச்சியும் அங்கே. அவற்றைத் தின்னும் சிறிய பாம்புகளும் அங்கே. இந்த அளவுப் பாம்புகள் நெடுந்தூரம் போய் வேறு காடு தேடும் வகை அல்ல. சருகை எரித்து, வெட்டவெளியாக்கி, நடுவில் கிரவலும் போட்டால், தப்பியது ஒன்றிரண்டுக்கும் போக்கிடம் பாடசாலை வகுப்பறையும் எங்கள் வீடுகளும்தான். எரிக்காதீர்கள் என்று நான் கேட்பதில் என் சுயநலமும் இருக்கிறது.

பாம்பென்றால் எல்லாம் ஒன்றுதானே என்று ஓர் உறுப்பினர் சிரித்தாராம். மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டியில் மணலுக்குள் வாழும் கேடயவாற் பாம்பு ஒன்றை 1941 இல் விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல விவரித்தார். அந்த வடமேற்குக் கரையோரத்தை விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. அதன் குடும்பமே இலங்கையிலும் தீபகற்ப இந்தியாவிலும் மட்டும் உள்ளது. கூர்மூக்கால் மண்ணைத் துளைக்கும், மண்புழு தின்னும், முட்டையிடாமல் குட்டி போடும், யாரையும் கடிக்காது. வால் மொட்டையாக இருப்பதால் சனம் இருதலைப் பாம்பு என்று அடித்துவிடும். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள்ளேயே இப்படி ஒன்று இருக்கிறது. எங்கள் துண்டில் என்னென்ன இருந்தது என்று பெக்கோ வருமுன் யாரையாவது கேட்டீர்களா?

நான் பாம்புக்கு வக்காலத்து வாங்கி மனிதரை மறந்தவன் இல்லை. 2012–2013 இல் நாடு முழுவதும் வீடுவீடாக நடந்த ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் கடிபடுவதாகவும் 400 பேருக்கு மேல் இறப்பதாகவும் மதிப்பிட்டது. எட்டடி விரியனின் கடி பெரும்பாலும் இரவில், தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களுக்குத்தான். பலருக்கு வலியே தெரியாது. விடியப்புறம் வயிற்றுநோவு, பிறகு இமை தொங்கும், மூச்சு நிற்கும். அதைத் தடுக்கக் கட்டிலும், ஓரத்தை மெத்தைக்குள் செருகிய நுளம்பு வலையும், கையில் ஒரு ரோச்சும், ஒரு கதவும் போதும்.

கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. பையன் வீட்டுக்குக் கதவு இல்லை, ஐயா. வீட்டுத்திட்டத்தில் அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, அடுத்த கட்டக் காசு வரும் வரும் என்று நிலையோடு நிற்கிற வீடு. நிலையில் சாக்குத் தொங்குகிறது. பாம்புக்கு அனுமதிக் கடிதம் தேவையில்லை, சாக்கை விலக்கிக்கொண்டு வந்துவிடும். எங்களுக்குத்தான் எல்லாவற்றுக்கும் கடிதம். ஒரு கட்டு விறகு எடுத்தவனுக்கு வழக்கு வருகிறது. முதிரைக் குற்றி ஏற்றிய லொறியும் மணல் டிப்பரும் இரவிரவாகப் போகின்றன, அவற்றைக் கண்டவர் எவருமில்லை. வீதி விளக்குக்கு நிதி இல்லை, பெக்கோவுக்கு டீசல் இருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல பாம்பினங்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்க, சாட்சியைச் சபையே படம் பிடித்துப் போட்டிருக்கிறது. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்பது சிறிய விஷயம்: மிச்சப் பாதியைத் தொடாதீர்கள். வளவு ஓரங்களையும் பாடசாலை மதிலடியையும் துப்புரவாக்குங்கள், ஓட்டைகளை அடையுங்கள், கற்குவியலையும் விறகுக் குவியலையும் வீட்டைவிட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு என் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். டெங்குக்காக என்றால் நீர் தேங்கும் சிரட்டையையும் டயரையும் பொறுக்குவோம். சருகை எரித்து நுளம்பு ஒழியாது. பெக்கோவுக்கு ஒதுக்கிய காசில் கதவில்லாத வீடுகளுக்குக் கதவு போட முடியுமா என்றும் தயவுசெய்து பாருங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், அடிபட்ட பாம்பைக் கொளுத்தாமல், முடிந்தால் தூர நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகும்படி ஒலிபெருக்கியில் ஒரு நாள் அறிவித்தால் அந்தத் தாயைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

அடுத்த மாத அமர்வில் இதை எடுத்துப் பேசும்படி பணிவாகக் கேட்கிறேன். அதுவரை பெக்கோவை அனுப்பாமல் நிறுத்திவையுங்கள். காட்டைக் காட்டிச் சொல்ல நான் எந்த நாளிலும் பாடசாலை விட்ட பிறகு வரலாம். பதிலை எழுத்தில் தந்தால் நல்லது. வாயால் தந்த பதில்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்து வாக்காளர்களில் ஒருவன்