திட்டம் போடும்போதே கூப்பிடட்டும்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு நண்பா,

பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குடியிருப்பாளர் சங்கத்துக்கு உன்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்களாமே, அதுவும் நல்ல செய்திதான். மாநகர் மன்றத்தோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று கேட்டிருந்தாய்.

திட்டம் போடும்போதே சங்கத்தைக் கூப்பிட வேண்டும், நான் பிடிவாதமாகக் கேட்பது அது ஒன்றைத்தான். கோத்தோங் ரோயோங் (எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி) நாளில் துடைப்பம் கொடுத்து வரச் சொன்னால் மட்டும் போதாது. எந்த இடத்தில் கால்வாய் அடைக்கிறது என்று அங்கே குடியிருப்பவனுக்குத்தானே தெரியும்!

பினாங்கில் 2012-இல் தொடங்கிய பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் இதனால்தான் எனக்குப் பிடிக்கும். பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் தீவிலும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையிலும் இருக்கும் மன்றங்களோடு சேர்ந்து செய்தது. அடுக்குமாடிகளில் ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் என்று தனித்தனியாக உட்காரவைத்துத் தேவையைக் கேட்டார்கள். எதற்குப் பணம் போக வேண்டும் என்று குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டார்கள். அப்படித் தனியாகக் கேட்டதுதான் பெரிய விஷயம். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் நம் அக்கா தங்கச்சிகள் விளக்கில்லாத படிக்கட்டைப் பற்றி வாய் திறப்பார்களா, சொல்.

உங்கள் கோலாலம்பூர் பக்கம் இன்னும் கடினம். 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து எங்களுக்கும் நியமன உறுப்பினர்கள்தான். ஆனால் 2008-க்குப் பிறகு அரசு சாரா இயக்கங்களிலிருந்தும் சிலரை நியமித்தார்கள், போய்ப் பேச ஓர் ஆள் கிடைத்தார். கோலாலம்பூரில் மன்ற உறுப்பினரே கிடையாது, டத்தோ பண்டார் என்ற மேயரும் ஓர் ஆலோசனை வாரியமும்தான்.

உங்கள் ஊர் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கை நினைத்துப் பார். பூங்காவில் உயரமான அடுக்குமாடி வரக்கூடாது என்று போராடிய குடியிருப்பாளர்களுக்கு 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த்தான் முடிவான நியாயம் கிடைத்தது. அதே இடத்து நீண்ட வீடுகளில் நம் மக்கள், முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்கள், 1980-களிலிருந்து நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். இரு தரப்பையும் முதலிலேயே ஒன்றாக உட்காரவைத்திருந்தால் இத்தனை வருடம் வீணாகியிருக்காது என்பது என் எண்ணம்.

அப்புறம், மானியம் கிடைத்தால் வாங்கிக்கொள். ஆனால் குறை சொல்லும் உரிமையை அதற்காக விட்டுக்கொடுக்காதே. ஒவ்வொரு சந்திப்புக்கும் கூட்டக் குறிப்பு கேட்டு வாங்கு. ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் சங்கங்களின் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய அறிக்கையையும் தள்ளிப்போடாதே.

முதல் கூட்டம் எப்படிப் போனது என்று எழுது. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு வா, எங்கள் தண்ணீர்ப் பந்தலில் ஆள் தேவைப்படுகிறது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்