பல்கேரியா பூட்டுப் போட்டது 1997-லேயே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2026 ஜனவரி 1 முதல் பல்கேரியா யூரோவுக்கு மாறியது பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்நாடு தன் நாணயக் கொள்கையை இப்போதுதான் பிறரிடம் ஒப்படைத்தது போல எழுதியிருந்தது. உண்மையில் ஒப்படைத்தது 1997 ஜூலை 1 அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கே அப்போது பத்தாண்டு இருந்தது.

அதற்கு முன் நஷ்டத்தில் ஓடிய அரசு ஆலைகளுக்கு வங்கிகள் கடன் கொடுத்தன. அது திரும்பாதபோது மத்திய வங்கி நோட்டடித்து வங்கிகளைத் தாங்கியது. 1996-97-ல் வங்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூடப்பட்டது. 1997 பிப்ரவரி ஒரே மாதத்தில் விலைவாசி மும்மடங்குக்கு மேல் ஏறியது.

அதற்குக் கண்ட மருந்துதான் கரன்சி போர்டு, அதாவது நாணயத்தை ஓர் அந்நிய நாணயத்தோடு நிலையான விகிதத்தில் கட்டி, கையிருப்புக்கு ஏற்ப மட்டுமே நோட்டடிக்கும் முறை. 1,000 லெவுக்கு (பல்கேரிய நாணயம்) 1 ஜெர்மன் மார்க் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 1999-ல் மூன்று சைபரை வெட்டினார்கள். அதன்பின் 1 லெவ் 1 மார்க்குக்குச் சமம்; யூரோ கணக்கில், 1 யூரோவுக்கு 1.95583 லெவ். இப்போது யூரோவுக்கு மாறியதும் அதே விகிதத்தில்தான். ஆனால் விகிதத்தைவிடக் கணக்குமுறைதான் முக்கியம். புழக்கத்திலுள்ள நோட்டு, வணிக வங்கிகளின் இருப்பு, அரசு போட்டுவைத்த பணம் என எல்லாவற்றுக்கும் ஈடாக அந்நியச் செலாவணியோ தங்கமோ கையிருப்பில் இருந்தாக வேண்டியிருந்தது. மத்திய வங்கி அரசுக்குக் கடன் கொடுக்கக் கூடாது. 2002 வரை இதுபோன்ற முறை வைத்திருந்த அர்ஜென்டினாவில் சொந்த அரசின் டாலர் பத்திரங்களையும் ஓரளவு கையிருப்பாகக் காட்ட முடிந்தது. பல்கேரியாவில் அந்த ஓட்டை இருக்கவில்லை.

இதில் சிக்கலும் இருந்தது. 2007-ல் கடன் எக்கச்சக்கமாகப் பெருகியபோது வட்டியை ஏற்ற வழியில்லை, ரொக்க இருப்பு விகிதத்தை (வங்கிகள் தம் வைப்புகளில் மத்திய வங்கியிடம் வைக்க வேண்டிய பங்கு, நம்மூர் சி.ஆர்.ஆர். போன்றது) 8-லிருந்து 12 சதவீதமாக்கினார்கள். 2014 ஜூனில் நான்காவது பெரிய வங்கியான கார்ப்பரேட் கமர்ஷியல் வங்கி முடங்கியபோது, மத்திய வங்கியால் தாராளமாகக் கடன் கொடுத்துத் தூக்கிவிட முடியவில்லை. உரிமம் ரத்தானால்தான் வைப்புக் காப்பீட்டுப் பணம் என்பது அன்றைய நடைமுறை. ரத்தாக நவம்பர் ஆனது. மக்கள் கைக்குப் பணம் வர டிசம்பர்.

கட்டுரை விட்டுவிட்ட விஷயம் ஒன்று. யூரோவுக்கு மாறும் முன் 12 சதவீதமாக இருந்த ரொக்க இருப்பு, யூரோ மண்டலத்தில் வெறும் 1 சதவீதம். விடுபடும் பணத்தில் ஒரு பகுதி வீட்டுக் கடனாக வெளியே வந்தால், தடுக்க பல்கேரிய மத்திய வங்கியின் கையில் இருப்பவற்றில் முக்கியமானவை 2024 அக்டோபரில் வைத்த வரம்புகள்: வீட்டு மதிப்பில் 85 சதவீதம்வரைதான் கடன், தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, 30 ஆண்டுக்குள் அடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்