காத்திருந்த நேரமும் வேலைதான்

ஈசூன், சிங்கப்பூர்.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. உன் முட்டிவலி இப்போது தேவலையா?

டெக்சாஸில் உன் லாரிக்குள் இருக்கும் அந்த நேரப் பெட்டியை நீ திட்டி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். 10 மணிநேரம் ஓய்வெடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினால் 14 மணிநேரக் கெடு ஓட ஆரம்பித்துவிடும், அதற்குள் 11 மணிநேரம்தான் வண்டி ஓட்டலாம், கிடங்கு வாசலில் சும்மா நின்றாலும் அந்த 14 கரைந்துகொண்டே போகும் என்றாய். வண்டி மணிக்கு 5 மைலைத் தொட்டதுமே நீ பொத்தானை அமுக்காவிட்டாலும் ‘ஓட்டம்’ என்று அதுவே பதிந்துவிடுமாமே. கெடு முடிய அரை மணிநேரம் இருக்கும்போது நிறுத்த இடம் கிடைக்காமல் நீ அலைந்ததைப் படித்து மனம் கஷ்டப்பட்டது. ஆனாலும் மச்சான், உன் பெட்டி ஒரு விஷயத்தில் நியாயமாக நடக்கிறது. காத்திருப்பதும் வேலைதான் என்று அதற்குத் தெரிகிறது.

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. நம்மைப் போன்ற ஓட்டுநருக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போகாவிட்டால், ஓவர்டைமோடு சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணிநேரம்தான். மாதத்துக்கு ஓவர்டைம் 72 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது. பொதுவாக ஆறு மணிநேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக்கூடாது. கணக்கை எழுதி வைக்க வேண்டியது முதலாளி. எங்கள் கம்பெனியில் அந்தக் கணக்கு டிரிப்பை வைத்துத்தான் நடந்தது. கண்டெய்னர் ஏறியதும் இறங்கியதும் பதிவாகும். நடுவில் கண்டெய்னர் டிப்போ வரிசையில் மூன்று மணிநேரம் நின்றது எங்கேயும் வராது.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலரைக்கு, கண்டெய்னர் டிரெய்லரை இழுக்கும் என் பிரைம் மூவரை எடுத்தேன். காலி கண்டெய்னர் எடுக்க ஒரு டிப்போவில் வரிசை நகரவே இல்லை. ஏசி காற்றில் உட்கார்ந்திருந்தால் தூக்கம் வரும், ஆனால் முன்வண்டி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும், அதனால் தூங்கவும் முடியாது. மாலை ஏழு மணிக்கு ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து லாரி நீளமாக ஹாரன் அடித்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். என் வண்டி கோட்டுக்கு மேலே இருந்தது. கண் மூடியதே எனக்குத் தெரியாது. அடுத்த வழியில் வெளியேறி, நிறுத்தக் கூடிய இடத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று. நாலரையிலிருந்து எண்ணிப் பார்த்தால் பதினான்கரை மணிநேரம். டிரிப் கணக்கில் அது பத்துகூட வராது.

மறுநாள் மாமா கடையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினேன். உன் பெட்டி நேரத்தை நாலாகப் பிரிக்கிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் பார்த்து நானும் நாலு கோடு போட்டேன்: ஓட்டம், காத்திருப்பு, மற்ற வேலை, ஓய்வு. டிரெய்லர் மாட்டுவது, டயர் பார்ப்பது எல்லாம் மூன்றாவதில். வண்டி நின்ற உடனே எழுதிவிடுவேன், ராத்திரி யோசித்து எழுதினால் சரியாக வராது. முதல் வாரம் முடிந்து கூட்டிப் பார்த்தேன். காத்திருப்பு மட்டும் 13 மணிநேரம்.

அப்புறம் காசுக் கணக்கும் போட்டேன். அடிப்படை 2,200 வெள்ளி என்று வைத்துக்கொள். அதை 12 மாதத்தால் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணிநேரம் என்று வகுத்தால் மணிக்கு 11.54 வெள்ளி. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 17.31. டிப்போவில் நின்ற மூன்று மணிநேரம் ஓவர்டைமில் விழுந்தால் கிட்டத்தட்ட 52 வெள்ளி, வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி. 2016 ஏப்ரலிலிருந்து சம்பளச் சீட்டில் ஓவர்டைம் மணிநேரமும் தொகையும் தனியாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சீட்டையும் நோட்டையும் ஆபீசில் கணக்குப் பார்க்கும் அக்கா முன்னால் வைத்தேன். அவர் டிப்போ நுழைவுச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது சரியாத்தான் இருக்கு” என்றார். இந்த மாதச் சம்பளத்தில் அந்தப் பணம் வந்துவிட்டது. வேலை பிரித்துக் கொடுப்பவர் மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை.

எனக்கு இன்னும் மனசு ஆறாதது, மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் வேலைக்கு வரும் நம் தம்பிகளை நினைத்துத்தான். எல்லைப் பாலத்து நெரிசலுக்குப் பயந்து மூன்று மணிக்கே எழுந்து வருகிறார்கள். அந்தத் தூக்கம் என் நோட்டிலும் இல்லை, உன் பெட்டியிலும் இருக்காது. இரண்டு பேருக்கு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ‘எழுந்த நேரம்’ என்று ஐந்தாவது கோடும் போடச் சொல்லி.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? வந்தால் தேக்காவில் சாப்பிடுவோம். அதற்கு முன்னால் உன் பெட்டியின் ஒரு நாள் பதிவைப் போட்டோ எடுத்து அனுப்பு. தம்பிகளுக்குக் காட்ட வேண்டும்.

உன் நண்பன்