பலாலி ஓடுபாதையை நீட்டுமுன் எல்லையைச் சொல்லுங்கள்

யாழ்ப்பாணம் சர்வதேச (பலாலி) விமான நிலைய விரிவாக்கத்துக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

விமான நிலையம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. முந்தியெல்லாம் சென்னைக்குப் போக இரவிரவாகப் பஸ்ஸில் இருந்து கொழும்புக்குப் போவோம். பிறகு கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறினால் விமானம் திரும்பவும் வடக்கே பறக்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தன். கொரோனாவோடு நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் விமானம் வந்தது. வருவதெல்லாம் எழுபது சொச்சம் பேர் ஏறும் ஏ.டி.ஆர். விமானங்கள். பெரிய ஜெட் இறங்க ஓடுபாதை நீள வேண்டுமாம். சரி, நீளட்டும்.

எந்தப் பக்கம் நீளும்? யாருடைய காணிக்குள்?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட தளம் அது. சுற்றிவர இருப்பது தரிசு இல்லை, வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண். 1990 ஜூனில் போரால் இந்தச் சுற்றுவட்டாரமான வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. அப்புறம் வந்தது உயர்பாதுகாப்பு வலயம், சனம் உள்ளே போக முடியாத இராணுவப் பகுதி. மயிலிட்டி, வசாவிளான் என்று காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன. இன்னும் விடுபடாதவை இருக்கின்றன. காணி உறுதிப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தே கண்மூடியவர்களும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் வசாவிளான் – பலாலி வீதி திறந்தபோதுகூட, வாகனத்தில் போகலாம், நடந்து போகக்கூடாது என்றுதான் நிபந்தனை போட்டார்கள். தன் ஊர் வீதியில் நடக்கத் தடை!

அதனால்தான் ‘விரிவாக்கம்’ என்றால் நகரத்துக்காரன் காதில் மலிவு டிக்கெட் என்று விழுகிறது. வலிகாமம் வடக்குக்காரன் காதில் காணி திரும்பாது என்று விழுகிறது.

கேட்பது ஒரு வரைபடம். ஓடுபாதைக்கு உண்மையிலேயே தேவைப்படும் காணி எது, தேவைப்படாதது எது என்று துண்டு துண்டாகக் குறித்து, தமிழில், தெல்லிப்பழைப் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டுங்கள். தேவைப்படாததை இப்போதே விடுங்கள். அதற்கு ஓடுபாதை வேலை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேவைப்படுவதற்கு என்ன விலை, எப்போது கையில் கிடைக்கும் என்பதை நில அளவையாளர் கல் நடுவதற்கு முன்பே உறுதிக்காரரிடம் பேசுங்கள்.

இன்னொன்று. இராணுவ முகாமுக்கு வேண்டிய காணியை விமான நிலையக் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
பலாலியில் ஏறி இறங்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பயணி